110 சிசி ஸ்கூட்டிக்கு முதலில எது: ரோலரா, போரா?

ஒட்டுசுட்டான்_110:
வண்டி காபரேற்றர் வைச்ச ஹொண்டா டியோ 110, 2020 இறக்குமதித் தடைக்கு முந்தினது. எஞ்சினில இன்னும் கை வைக்கேல்லை. ஓட்டம் இரண்டு விதம்: 200 மீற்றர் நேர் ஓட்டம், மற்றது கூம்பு வைச்சு அதுக்குள்ளால வளைஞ்சு ஓடுறது. காசு ஒரு வேலைக்குத்தான் காணும். வேரியேட்டர் (பெல்ட்டை ஏத்தி இறக்கிற முன்கப்பி, ரோலர் எண்டிறது அதுக்குள்ள உருளுற பாரக் குண்டு) பக்கம் போறதா, இல்லை 54 போர் கிட் (சிலின்டர் வாயை 54 மில்லிமீற்றராப் பெருப்பிச்சுப் போடுற பெரிய பிஸ்டன்) போடுறதா? காரணத்தோட சொல்லுங்கோ. "சைலன்சரை வெட்டு" எண்டு மட்டும் ஒருத்தரும் வராதேங்கோ.

பெல்ட்காரன்:
வேரியேட்டர்தான். இந்த எஞ்சினில பலம் உச்சத்துக்கு வாறது 7500 ஆர்பிஎம் (நிமிசத்துக்கு எஞ்சின் சுத்துற எண்ணிக்கை) வாக்கில. கொம்பனி ரோலர் பெற்றோல் மிச்சத்தை யோசிச்சுப் பாரமா வைச்சது. அதால திறொட்டிலை முழுக்கத் திருகினாலும் எஞ்சின் அந்த உச்சத்துக்கு நல்லாக் கீழ நிண்டுகொண்டே பெல்ட்டை மேல ஏத்திப்போடும். உள்ள பலத்தில ஒரு பங்கு ஒருநாளும் ரயருக்குப் போறதில்லை. ரோலரை லேசாக்கினா பெல்ட் பிந்தி ஏறும், எஞ்சின் உச்சத்தில நிண்டு இழுக்கும்.

செய்யிற விதம்: ஆறு ரோலரையும் கழட்டி நகைக்கடைத் தராசில நிறுங்கோ. 0.1 கிராம் காட்டினாக் காணும். புதுப் பெட்டியில எழுதியிருக்கிற நிறையை நம்ப வேண்டாம், அதையும் ஒவ்வொண்டா நிறுத்துத்தான் போட வேணும். ஒரு தரத்தில ரோலருக்கு 1 கிராமுக்கு மேல இறங்காதேங்கோ. அரைக் கிராம் வேணுமெண்டா மூண்டு பாரம், மூண்டு லேசு, ஒண்டுவிட்டு ஒண்டா வையுங்கோ. 12உம் 13உம் கலந்தா 12.5 மாதிரி வேலை செய்யும். பிளக் வயரில சுத்துற சின்ன ஆர்பிஎம் மீற்றர் ஒண்டு வாங்குங்கோ. முழுத் திறொட்டிலில வேகம் 20இல இருந்து 70 வரைக்கும் ஊசி 7500ஐ ஒட்டி அசையாமல் நிக்க வேணும். 8500க்கு ஓடினா ரோலர் லேசாப் போச்சு. சத்தம் மட்டும்தான் மிச்சம், வேகம் வராது.

போர்54:
இது இருக்கிற சோத்தை வேற கோப்பையில போட்டுத் தாற கதை. ரோலர் புதுசா ஒரு குதிரைவலுவையும் கொண்டு வராது. எல்லாரும் ரோலர் மாத்திக்கொண்டு வாற இடத்தில உங்கட ரோலர் என்ன செய்யும்?

கணக்கைப் பாருங்கோ. உங்கட எஞ்சின் போர் 50 மில்லிமீற்றர், ஸ்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கிற தூரம்) 55.6: 109.2 சிசி. 52 போட்டா 118. 54 போட்டா 127, அதாவது 16 விழுக்காடு கூட. அடி இழுவையில இருந்தே கைக்குத் தெரியும். ஒண்டு மட்டும் கவனம்: பிறகு வந்த இன்ஜெக்சன் டியோ 47க்கு 63.1. அதுவும் 109 சொச்சம்தான், ஆனால் பிஸ்டனும் சிலின்டரும் ஒண்டுக்கொண்டு பொருந்தாது. "டியோ கிட்" எண்டு கேட்டு வாங்கினா ஏமாறுவீங்கள்.

லேத்துமேசை:
54 எண்டு வாயால சொல்லுறது சுகம். கொம்பனியில கொம்பிரசன் (சிலின்டருக்குள்ள காத்து எத்தனை மடங்கு நசிபடுது எண்ட கணக்கு) 9.5. ஹெட்டைத் தொடாமல், மேல் தட்டையான பிஸ்டனோட 54 போட்டா அது ஏறத்தாழ 10.9க்குப் போகும். காத்தில குளிராகிற எஞ்சின், 92 ஒக்ரேன் பெற்றோல், பங்குனி சித்திரை வெயில். மூண்டும் சேர்ந்தா தட்டல் (பெற்றோல் சூட்டில தானா வெடிக்கிறது) தொடங்கும். பிளக்கைக் கழட்டி வெள்ளைப் பீங்கானைப் பார்த்தா மிளகுத்தூள் தூவின மாதிரிப் புள்ளி இருக்கும், சிலது மினுங்கும். மினுங்கிறது பிஸ்டன்ர அலுமினியம். அதுக்குப் பிறகும் ஓடினா பிஸ்டன் விளிம்பு அரிச்சுப்போகும்.

மற்றது, 54க்கு லைனர் (சிலின்டருக்குள்ள இருக்கிற இரும்புக் குழாய்) பெருக்கிறதால கிராங்கேஸ் (எஞ்சினின்ர அடிப்பெட்டி) வாயையும் பெருப்பிக்க வேணும். எஞ்சினை முழுக்கப் பிரிக்காமல் வாயை மட்டும் கடைஞ்சா அலுமினியத் தூள் பெயாரிங்குக்குள்ள இறங்கும். அப்பிடி முடிஞ்ச எஞ்சின் கொஞ்சமில்லை.

இன்னொரு பிழை, இது போர் போடாத வண்டியிலயும் பார்க்கலாம். "காத்துப் பிடிக்கட்டும்" எண்டு சிலின்டரைச் சுத்தியிருக்கிற பிளாஸ்ரிக் உறையைக் கழட்டுறது. இந்த எஞ்சின் வண்டிக்குள்ள மறைஞ்சு கிடக்கு, எதிர்க்காத்து அதில படாது. பிளைவீலில இருக்கிற விசிறி அடிக்கிற காத்தை அந்த உறைதான் சிலின்டரின்ர தகட்டுச் செட்டைகளுக்கு ஊடாக் கொண்டுபோகுது. உறை இல்லாட்டி விசிறி வெளியைக் குளிராக்கும், சிலின்டரை இல்லை. எங்கட பக்கம் ரோட்டில நெல் காயிற காலத்தில பதரும் தூசும் செட்டைக்குள்ள போய் ஒயிலோட சேர்ந்து களி மாதிரிப் பிடிச்சிருக்கும். போருக்குக் காசு குடுக்க முதல் அதைச் சுரண்டுங்கோ.

போர்54:
சரி, 54 முதல் வேலைக்குக் கூடத்தான். 52 எண்டா கொம்பிரசன் 10.2, அடிக் கஸ்கெட்டை (சிலின்டருக்குக் கீழ வைக்கிற தாள்) கொஞ்சம் மொத்தமாப் போட்டா இன்னும் இறங்கும். லைனர்ச் சுவர் தாங்குமோ எண்டு அளந்து பார்த்திட்டுத்தான் கடைய வேணும், அதை ஒத்துக்கொள்ளுறன். பிஸ்டன் ரிங் வாய் இடைவெளி 0.20 - 0.25 மில்லிமீற்றர். ரிங்கைச் சிலின்டருக்குள்ள தனியா விட்டு, பிஸ்டன் தலையால நேராத் தள்ளிப்போட்டு, பீலர் கேஜால (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) பாருங்கோ. வாய் முட்டிக்கொண்டு நிண்டா சூட்டில ரிங் விரிஞ்சு சிலின்டரைக் கீறும்.

மெயின் ஜெற் (காபரேற்றரில பெற்றோல் வாற துளை) இரண்டு மூண்டு நம்பர் ஏத்திப்போட்டுத் தொடங்குங்கோ. முழுத் திறொட்டிலில ஓடிக்கொண்டிருக்கேக்க எஞ்சினை நிப்பாட்டி, அப்பிடியே உருட்டிக்கொண்டு வந்து பிளக்கைக் கழட்ட வேணும். ஐடிலில விட்டுட்டுப் பார்த்தா பிளக் பொய் சொல்லும். வெளிறினா பெற்றோல் காணாது, கறுத்து ஈரமா இருந்தா கூட. என்ஜிகே பிளக் எண்டா நம்பர் ஏற ஏற குளிர் கூட. 7 இருந்த இடத்தில 8 போடலாம். முதல் 500 கிலோமீற்றருக்குப் பந்தயம் இல்லை.

ஆளுக்காள் சொல்லித் திரியிற "95 பெற்றோல் அடிச்சா ஓடும்" கதையையும் விடுங்கோ. 9.5 கொம்பிரசனுக்கு 95 ஒண்டும் கூடச் செய்யாது. 10க்கு மேல போனாத்தான் அதுக்கு வேலை.

பெல்ட்காரன்:
பார்த்தீங்களே, 54 இரண்டு பதிவில 52 ஆச்சு. லேத், பிஸ்டன், கஸ்கெட், ஜெற், பிளக், 500 கிலோமீற்றர் ஓடி இறுக்கம் எடுக்கிறது. பலன் 8 விழுக்காடு. அந்த 8ஐயும் தேய்ஞ்ச பெல்ட் தின்னும். பெல்ட் அகலம் குறைஞ்சா முன்கப்பியில மேல ஏறாது, கடைசி வேகம் செத்துப்போகும்.

சோதிக்கச் செலவில்லாத வழி இருக்கு. முன்கப்பியின்ர உள்முகத்தில மையத்தில இருந்து விளிம்புவரை மார்க்கர் பேனையால ஒரு கோடு கீறுங்கோ. மூடி, ஒரு முழு ஓட்டம் ஓடி, திறவுங்கோ. பெல்ட் எதுவரைக்கும் கோட்டை அழிச்சிருக்கோ அதுவரைக்கும்தான் அது ஏறியிருக்கு. விளிம்பில ஒரு விரல் மொத்தத்துக்கு மை மிஞ்சினா பெல்ட் தேய்ஞ்சிருக்கு, இல்லாட்டி ரோலர் அளவுக்கு மீறி லேசு.

பூட்டேக்க எல்லாரும் விடுற பிழை இது: பின்கப்பியை விரிச்சு பெல்ட்டை அதுக்குள்ள ஆழமா அமத்திப்போட்டு, முன்பக்கம் தொய்வு வந்தபிறகுதான் முன்கப்பி நட்டை இறுக்க வேணும். தொய்வில்லாமல் இறுக்கினா பெல்ட் இரண்டு முகத்துக்கும் நடுவில அகப்படும். நட் இறுகின மாதிரி இருக்கும், உண்மையில பெல்ட்டைத்தான் நசிக்குது. இரண்டு கிலோமீற்றரில பெல்ட் தன்ர இடத்துக்குப் போக, நட் தளரும், கிராங் நுனிப் பல்லு வழிச்சுப்போகும். ஆயிரம் ரூபா வேலை கிராங் மாத்திற வேலையா மாறும். கப்பி முகங்களை பிறேக் கிளீனரால துடையுங்கோ, விரல் எண்ணெய் கூடப் படக்கூடாது. புது பெல்ட்டில அம்புக்குறி இருந்தா ஓடுற திசைக்கு.

கொன்ட்ரா ஸ்பிரிங் (பின்கப்பியை நெருக்கிற ஸ்பிரிங்) ஒரு படி கடினமா, 1000 எண்டு விக்கிறது, போடலாம். 2000 வேண்டாம். பெல்ட்டைச் சுட வைக்கிறதைத் தவிர 8 குதிரைக்கு அதால பிரயோசனம் இல்லை.

கிரவல்_ரோட்டு:
இரண்டு பேரும் தார் ரோட்டு மனசோட கதைக்கிறீங்கள். எங்கட மைதானம் கிரவல். கிளச் ஸ்பிரிங் மூண்டையும் கடினமாக்கி 4500 ஆர்பிஎம்மில பிடிக்க வைச்சா தாரில பாய்ஞ்சு போகும். கிரவலில பின்ரயர் நிண்ட இடத்திலயே சுத்திக் குழி தோண்டும். கொம்பனி ஸ்பிரிங்கோட மெல்லப் பிடிக்கிற வண்டி முதல் 20 மீற்றரில முன்னுக்குப் போயிடும். கூம்பு ஓட்டத்தில இன்னும் மோசம்: ஒவ்வொரு வளைவிலயும் கிளச் விட்டு விட்டுப் பிடிக்கும், கிளச் பெல் (கிளச் உரசிப் பிடிக்கிற கிண்ணம்) சூட்டில நீலம் பாயும், பிறகு கிளம்பேக்க வண்டி நடுங்கும்.

தூசிக் கதையையும் கேளுங்கோ. பெல்ட் மூடியில சூடு போக ஓட்டை போடுற ஆக்கள் இருக்கினம். கிரவல் தூசி உள்ள போனா பெல்ட்டுக்கும் கப்பிக்கும் நடுவில அரத்தாள் மாதிரி வேலை செய்யும், ரோலர் ஒரு பக்கம் தட்டையாகும். தட்டையான ரோலர் உருளாது, வழுக்கும், ஆர்பிஎம் கோணல் மாணலா ஏறும். ஓட்டை வேண்டாம், மூடிக்குக் காத்து வாற குழாயில இருக்கிற ஸ்பொஞ்சை ஒவ்வொரு ஓட்ட நாளுக்குப் பிறகும் தட்டுங்கோ. ரயர்க் காத்து கொம்பனிக் கணக்கு முன் 22 பிஎஸ்ஐ, பின் 29. கிரவலுக்குப் பின்னால இரண்டு மூண்டு குறைக்கலாம், அதுக்கு மேல குறைச்சா வளைவில ரயர் மடியும்.

மாங்குளம்_சந்தி:
மைதானம் மைதானம் எண்டுறீங்கள், 200 மீற்றர் எங்க இருக்கு? 400 மீற்றர் ஓடுபாதை வைச்ச மைதானமே நீளப்பாட்டுக்கு 180க்குள்ளதான். ஓடி முடிஞ்சு நிப்பாட்ட இடம் வேணாமே? விடியக்காலமை 5 மணிக்கு முல்லைத்தீவு ரோட்டு ஏ34 வெறிச்செண்டு கிடக்கும், நேர் ரோட்டு, நல்ல தார்.

லேத்துமேசை:
வெறிச்செண்டு கிடக்கிறது உங்கட கண்ணுக்கு. அந்த நேரம் அந்த ரோட்டில ஆனை கடக்கும், மாடு படுத்திருக்கும், பின்லைற் இல்லாத லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) பெட்டியோட வரும். கணக்காச் சொல்லுறன்: 80இல போற வண்டியை இந்த 130 மில்லிமீற்றர் டிரம் பிறேக்கால நல்ல தாரில நிப்பாட்ட 50 மீற்றர், கண்டு கை அமத்த முதல் போற ஒரு செக்கனுக்கு 22 மீற்றர். 72 மீற்றர். டியோவின்ர ஹெட்லைற் 72 மீற்றருக்கு மாட்டைக் காட்டுமோ? ஊருக்கு வெளியில மோட்டார் சைக்கிளுக்கு 70 தான் எல்லை. அடிபட்டா "பந்தயம்" எண்ட ஒரு சொல்லோட இன்சூரன்சும் கை விரிக்கும். பூட்டின பாதையில ஓட ஆசையெண்டா சாலியபுரவில கஜபா சுப்பர்குரோஸ், தியத்தலாவையில பொக்ஸ்ஹில் எண்டு பந்தயப் பாதை இருக்கு. அங்க வண்டியைச் சோதிச்சுப்போட்டுத்தான் இறக்குவினம். அது பெரிய பைக்குகளின்ர இடம் எண்டு சொல்லுவீங்கள், தெரியும்.

கிரவல்_ரோட்டு:
200 மீற்றரை விடுங்கோ, 100 வையுங்கோ. 100இல வண்டி 60ஐத் தொட்டா கிரவலில நிக்க 35, கை அமத்த 17. மொத்தம் 152. மைதானத்துக்குள்ள அடங்குது. பிரதேச சபையிட்ட எழுத்தில அனுமதி எடுத்து, முடிவுக்கோட்டுக்கு அங்கால பார்க்க வாற ஆக்களை நிக்க விடாமல் கயிறு கட்டுங்கோ. ஆக்கள் பக்கவாட்டில நிக்கட்டும், நேரா முன்னால வேண்டாம்.

மாங்குளம்_சந்தி:
100 மீற்றர் எண்டா போர் போட்டவன்ர பலம் தெரிய முதலே ஓட்டம் முடிஞ்சிடும்.

பெல்ட்காரன்:
அதைத்தானே முதலாம் பதிவில இருந்து சொல்லுறன்.

ஒட்டுசுட்டான்_110:
அப்ப ரோலரும் பெல்ட்டும். 100 மீற்றர். மாத்தினதால வேகம் வந்ததோ இல்லையோ எண்டு எப்பிடி நம்பிக்கையா அளக்கிறது? கைப்பேசிச் செயலியள் ஒவ்வொண்டும் ஒவ்வொண்டு காட்டுது.

லேத்துமேசை:
கோட்டில ஆள் வைச்சு கைப்பேசியால வீடியோ எடுங்கோ. செக்கனுக்கு 60 படம் எண்டா 0.02 செக்கன் வரைக்கும் எண்ணலாம். சோளகம் (தென்மேல் காத்து) அடிக்கிற மாதங்களில ஒரு பக்கம் மட்டும் ஓடினா காத்துத்தான் ஓடும், வண்டி இல்லை. போக மூண்டு, வர மூண்டு, சராசரி எடுங்கோ. எஞ்சின் சூடு ஒரே அளவு, ரயர்க் காத்து ஒரே அளவு, ஒரு தரத்தில ஒரு சாமான் மட்டும் மாத்த வேணும். ரோலரையும் ஸ்பிரிங்கையும் ஒரே நாளில மாத்தினா எது வேலை செய்தது எண்டு ஒருநாளும் தெரியாது.

போர்54:
ஓட்டுறது ஒரே ஆளா எண்டும் பாருங்கோ. வண்டி 100 கிலோ சொச்சம், ஆள் 60. அந்த 160 சொச்சத்தில 10 கிலோ குறைஞ்ச தம்பி ஒருத்தரை ஏத்தினா 6 விழுக்காடு.

பெல்ட்காரன்:
52 போரின்ர லாபத்தில முக்கால்வாசி. லேத்துக்குப் போகாமலே.