நைட்ரோ பக்கியை மின்சாரத்துக்கு மாற்றினேன்: நாலு நிமிடத்தில் நிற்கிறது, ஸ்பர் கியரும் தேய்கிறது. விற்றுவிட்டு ரெடிமேட் வாங்கலாமா?

காவேரிப்பட்டணம்:

எல்லோருக்கும் வணக்கம். ரெண்டு வருடம் முன்பு பெங்களூரில் ஒருவரிடம் பழைய 1/8 நைட்ரோ பக்கி (நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் கார், நிஜ வண்டியில் எட்டில் ஒரு பங்கு அளவு) வாங்கினேன். நல்ல வண்டி. ஆனால் எரிபொருளுக்கு ஒவ்வொரு தடவையும் பெங்களூர் போக வேண்டும். நான் ஓட்டுவது எங்கள் மாந்தோப்பில். மாடு கட்டும் நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்துத் தோட்டத்து எருமைகள் மிரளுகின்றன. அதனால் எஞ்சின், டேங்க், கிளட்ச், பிரேக் வட்டு எல்லாம் கழற்றிவிட்டு பிரஷ்லெஸ் மோட்டார் போட்டேன்.

4074 மோட்டார், 2650 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற அளவு). 150 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி). 4எஸ் லிப்போ (நாலு செல் பேட்டரி), 5000 எம்ஏஎச். பினியன் (மோட்டார் அச்சில் உள்ள சிறு கியர்) 18 பல். ஸ்பர் (பினியன் சுழற்றும் பெரிய கியர்) பழைய 46 பல் இரும்புதான். எஞ்சின் உட்கார்ந்திருந்த அதே ரெண்டு கட்டைகள் மேல் எல் வடிவ அலுமினியத் தகடு வைத்து மோட்டாரைப் பிடித்திருக்கிறேன்.

நாலு நிமிடம் ஓடியதும் சுத்தமாக நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் மர நிழலில் வைத்தால் மறுபடி ஓடுகிறது. நின்ற உடனே பார்த்தால் செல்லுக்கு 3.9 வோல்ட் இருக்கிறது. இன்னொன்று, மூன்று மாதத்தில் ரெண்டு ஸ்பர் போய்விட்டது. பல் முறியவில்லை. ஒவ்வொரு பல்லிலும் வெளி ஓரம் மட்டும் அரம் வைத்துச் சீவின மாதிரி சாய்ந்திருக்கிறது. உள் ஓரம் புதுசு போலவே இருக்கிறது.

கம்பெனியிலேயே மின்சார வண்டியாகச் செய்ததை வாங்கு என்கிறான் மாமா பையன். எனக்கு இந்த வண்டியை விட மனசில்லை.

ஓசூர் லேத்:

தம்பி, 3.9 என்றால் பேட்டரி தீரவில்லை. சூடு தாங்காமல் இஎஸ்சியே நிறுத்துகிறது. 2650ஐ 14.8 வோல்ட்டால் பெருக்குங்கள்: நிமிடத்துக்கு 39,220 சுற்று. 1/8 பக்கிக்கு 4எஸ்ஸில் 1900 முதல் 2200 கேவிதான் வழக்கம். அதோடு 18 பல் பினியன் வேறு. முன்பின் டிஃப் (டிஃபரென்ஷியல், சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் கியர் தொகுதி) 43க்கு 10 பல், டயர் 11 சென்டிமீட்டர் சொச்சம் என்று வைத்தால், கணக்குப்படி மணிக்கு 75 கிலோமீட்டர் வருகிறது. மாந்தோப்பில் அந்த வேகத்துக்கு அது எங்கே போகும்? பாத்தி வரப்பில் திணறி ஆம்பியரை இழுக்கும், அத்தனையும் சூடாகும். 14 பல் போடுங்கள். 58 கிலோமீட்டர் வரும், போதும்.

ஸ்பர் விஷயம் வேறு. வெளி ஓரம் மட்டும் தேய்கிறது என்றால் மோட்டார் சாய்கிறது. 74 மில்லிமீட்டர் நீள மோட்டாரை முகத்தில் மட்டும் பிடித்திருக்கிறீர்கள். வால் பக்கம் அந்தரத்தில் தொங்குகிறது. வண்டி குதித்து இறங்கும்போது அது தலையாட்டும். பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவே நோட்டுத்தாள் துண்டு வைத்து, அழுத்திப் பிடித்து முடுக்கி, தாளை உருவுங்கள். இப்போது ஒரு கையால் சேஸியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மோட்டாரின் வாலை அழுத்துங்கள். பல்லிடை திறப்பது கண்ணுக்கே தெரியும்.

பாலக்கோடு:

நான் ரெண்டும் வைத்திருந்தேன், அதனால் சொல்கிறேன். கம்பெனி மின்சார பக்கிகள் பலவற்றில் மோட்டார் தாங்கியும் நடு டிஃப் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிப்பது, ஸ்பர் உட்கார்ந்திருப்பது இதில்தான்) தாங்கியும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். சேஸி வளைந்தாலும் ரெண்டும் சேர்ந்தே அசையும், இடைவெளி மாறாது. உங்கள் வண்டியில் டிஃப் ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம். நடுவில் வளைகிற தகடு. வித்தியாசமே அதுதான்.

ஆனால் அந்த ரெடிமேட் வண்டிகளே மாற்றிப் பார்த்தவர்களிடமிருந்து பாடம் படித்தவை. டெக்னோ ஆர்சி என்ற கம்பெனி முதலில் நைட்ரோ வண்டிகளுக்கு மாற்றுப் பாகங்கள்தான் செய்து விற்றது. ஈபி48 என்ற சொந்த மின்சார பக்கி பிறகுதான் வந்தது. ஆகவே உங்கள் வேலையைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்து ஓட்டினால் போதும் என்பவர் ரெடிமேட் வாங்கட்டும். கழற்றி மாட்டுவதே பிடித்தவர் இதை விடக்கூடாது.

ஒன்று மறக்காதீர்கள்: பழைய எஞ்சினின் பிளைவீல் சுற்றிய பள்ளம் சேஸியில் இன்னும் திறந்துதானே இருக்கிறது? நம் பக்கத்து மண்ணில் கல்குவாரித் தூள் கலந்திருக்கும். அது உள்ளே ஏறி கியரில் உட்கார்ந்தால் இரும்பையே அரைக்கும். கீழிருந்து ஒரு பிளாஸ்டிக் தகடு வைத்து மூடிவிடுங்கள்.

தர்மபுரி:

பிரேக் பற்றி யாரும் சொல்லவில்லையே. நைட்ரோவில் பிரேக் வட்டு நடு டிஃப்பின் ரெண்டு பக்கமும் இருக்கும், பிடித்தால் அந்தச் சுமை ஸ்பர் பல்லுக்குப் போகாது. இப்போது பிரேக் மோட்டார் வழியாக வருகிறது. போகும்போதும் அடி, நிற்கும்போதும் அடி, அதே பல்லில். இஎஸ்சியில் பிரேக்கைப் பாதியாகக் குறையுங்கள். ஓடுகிற வண்டியை நேராக ரிவர்ஸுக்குத் தள்ளாதீர்கள்.

ஃபெயில்சேஃபையும் (சிக்னல் போனால் வண்டி என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு) பாருங்கள் அண்ணா. நைட்ரோவுக்கு வைத்த இடத்திலேயே இருந்தால் சிக்னல் போகும்போது மோட்டார் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. நியூட்ரலுக்கு மாற்றுங்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, ரிமோட்டை அணைத்துச் சோதியுங்கள்.

காவேரிப்பட்டணம்:

அனைவருக்கும் நன்றி. வாலை அழுத்தினேன்; பல்லிடை அப்படியே விரிந்தது. மூன்று மாதம் இதைக் கவனிக்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது. பட்டறையில் 10 மில்லிமீட்டர் அலுமினியக் கட்டையில் தாங்கி கடைந்து வாங்கி, டிஃப் தாங்கியோடு சேர்த்துப் போல்ட் போட்டேன். வால் பக்கம் ஒரு வளையம் பிடிக்கிறது. 14 பல் பினியன், புது ஸ்பர், பாதி பிரேக். பள்ளத்தையும் மூடிவிட்டேன்.

நேற்று சாயங்காலம் 12 நிமிடம் நிற்காமல் ஓடியது. மோட்டார் 68 டிகிரி. ஸ்பரைத் துடைத்துப் பார்த்தேன், பல்லின் முழு அகலத்திலும் ஒரே சீரான பளபளப்பு.

வண்டியை விற்கவில்லை. ஒரே ஒரு சந்தேகம்: திராட்டிலை வேகமாகத் திறந்தால் முன் டயர்கள் மட்டும் பலூன் மாதிரி உப்புகின்றன. ஏன்?

ஓசூர் லேத்:

நடு டிஃப் எண்ணெய் மெல்லியது, தம்பி. பின்பக்கம் எடை ஏறும்போது லேசான முன் சக்கரத்துக்கே சக்தி ஓடிவிடுகிறது. நைட்ரோவுக்கு ஊற்றிய 5000 எண் எண்ணெய்தான் இன்னும் இருக்கும்; எண் கூடினால் எண்ணெய் கெட்டி. 10,000 ஊற்றிப் பாருங்கள். டிஃப்பைத் திறக்கும்போது காஸ்கெட்டையும் மாற்றிவிடுங்கள். பழசு என்றால் ஒழுகும்.