கத்தரியில் நுனித் தளிர் மட்டும் வாடுகிறது: வேரழுகலா, புழுவா?

கேள்வி:
வணக்கம். மாடித் தோட்டத்தில் பைகளில் கத்தரியும் தக்காளியும் வளர்த்து வருகிறேன். கத்தரியின் அடியிலைகள் எல்லாம் பச்சையாக நிமிர்ந்து நிற்க, கிளைகளின் நுனித் தளிர்கள் மட்டும் துவண்டு தொங்குகின்றன. மாலையில் நீர் ஊற்றினாலும் மறுநாள் அவை நிமிர்வதில்லை. இலைகளில் புழு எதுவும் கண்ணில் படவில்லை. வேரழுகல் என்று கூறி, செடியைப் பிடுங்கிவிடச் சொல்கிறார்கள். பிஞ்சு விட்ட செடி என்பதால் மனம் வரவில்லை. எதை வைத்து உறுதி செய்வது?

மறுமொழி 1:
பிடுங்க வேண்டாம். வேரழுகலோ வாடல் நோயோ முற்றினால் செடி முழுவதுமே சோர்ந்துவிடும். நுனி மட்டும் தொங்குவது தண்டுத் துளைப்பானின் அடையாளம். வாடிய தளிரை நான்கு விரற்கடை கீழே வெட்டி, நெடுக்கில் பிளந்து பாருங்கள். தண்டு குடையப்பட்டு, உள்ளே ஈரக் கழிவு அடைத்திருக்கும். பெரும்பாலும் வெளிர் இளஞ்சிவப்புப் புழுவும் இருக்கும். உள்ளிருந்தே தின்பதால்தான் அது கண்ணில் படவில்லை. அதே காரணத்தால், மேலே தெளிக்கும் வேப்பெண்ணெய் அதை எட்டுவதும் இல்லை; வெட்டி அகற்றுவதே வழி.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. பிளந்து பார்த்ததில் தாங்கள் சொன்ன புழுவே இருந்தது. பிஞ்சு ஒன்றிலும் காம்பை ஒட்டி, கழிவு அடைத்த சிறு துளை தெரிகிறது. தக்காளியில் சில இலைகள் நரம்பு மட்டும் எஞ்சிச் சல்லடையாகிவிட்டன. இதுவும் அதே புழுவா?

மறுமொழி 2:
இல்லை. இலையைச் சுரண்டி நரம்பை விட்டுவைப்பது பெரும்பாலும் புகையிலை வெட்டுப்புழுவின் இளம் பருவம். அதன் தாய் அந்துப்பூச்சி முட்டைகளைக் குவியலாக இட்டு, பழுப்பு மயிரால் மூடிவைக்கும் என்பதால், இலையின் அடிப்புறத்தைத் தவறாமல் திருப்பிப் பாருங்கள். குஞ்சுகள் கூட்டமாக இருக்கும்போதே அந்த இலையைக் கிள்ளிச் சோப்பு நீரில் போட்டுவிடுவது எல்லாவற்றையும்விட எளிது. வளர்ந்துவிட்டால் அவை பகலில் மண்ணில் பதுங்கி இரவில் தின்னும். டார்ச் விளக்குடன்தான் தேட வேண்டும். காலையில் இலைமேல் கரும்பச்சை உருண்டைகளாக எச்சம் கிடந்தால் புழு அருகிலேயே இருக்கிறது; பளபளக்கும் கோடு தெரிந்தால் அது நத்தை. தக்காளிக் காயில் தலையை நுழைத்து, உடலை வெளியே நீட்டிக்கொண்டிருப்பது காய்ப்புழு. இலை தின்னும் இளம் புழுக்களுக்கு, புழுக்களைக் கொல்லும் பாக்டீரியாவான பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்து மாலையில் தெளிக்கலாம்; வெயிலில் அதன் வீரியம் குறைந்துவிடும். புழுவின் உடலில் வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் தயவுசெய்து அதைக் கொல்லாதீர்கள். அவை புழுவை அழிக்கும் குளவியினுடையவை.

மறுமொழி 1:
அந்தப் பிஞ்சையும் பறித்துவிடுங்கள். துளை அடைபட்டிருந்தால் புழு உள்ளேதான் இருக்கும். வாய் திறந்த பெரிய துளையானால் அது வெளியேறி, கீழே உதிர்ந்த சருகுகளில் கூட்டுப்புழுவாகியிருக்கலாம். ஆகவே பையின் மேல் கிடக்கும் சருகுகளையும் கூட்டி அகற்ற வேண்டும். வெட்டிய தளிரையும் சொத்தைக் காயையும் உரக்குழியில் போடாமல், எரித்துவிடுங்கள் அல்லது இறுகக் கட்டிய பையில் வெயிலில் வையுங்கள்.