கடலடிச் சுரங்கம்: எல்லாத்துக்கும் ஒரே சொல்லா?

> அமிழ்குழாய்ச் சுரங்கம்னே வச்சுக்கலாம், கேட்டதும் புரியுதே.

ஐயா, இங்கிலீஷ்ல இம்மர்ஸ்டு ட்யூப் டன்னல்னு சொல்றாங்களே, அதுக்கு நீங்க சொல்ற பேர் புரியுது, ஆனா அமிழ்ங்கற சொல் அங்க இடிக்குது. டென்மார்க்கோட லோலன் தீவையும் ஜெர்மனியோட ஃபெமர்ன் தீவையும் இப்ப சேர்க்கறாங்களே, 18 கிலோமீட்டர், அங்க என்ன நடக்குதுன்னு பாருங்க. கரையில ஃபேக்டரி போட்டு கான்கிரீட் பெட்டி வார்க்கறாங்க, ஒண்ணு 217 மீட்டர் நீளம், 73,000 டன். ரெண்டு முனையையும் தடுப்பு வச்சு அடைச்சுட்டா அத்தனை கனமும் மிதக்குது. இழுவைப் படகுல கட்டி இழுத்துட்டுப் போய், கடல் தரையில முன்னாடியே தோண்டி வச்ச பள்ளத்துக்கு மேல நிறுத்தி, உள்ள இருக்கற தொட்டியில தண்ணி ஏத்தி மெல்ல இறக்கறாங்க. பக்கத்துப் பெட்டியோட முட்டினதும் ரெண்டு தடுப்புக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட தண்ணிய பம்ப் போட்டு எடுக்கணும், அவ்வளவுதான், மறுமுனையில கடலோட அழுத்தமே பெட்டியத் தள்ளி ரப்பர் பட்டைய நசுக்கி ஜாயின்ட்ட இறுக்கிடும். அப்புறம் ஜல்லியும் கல்லும் கொட்டி மூடிடுவாங்க.

இதுக்கு நம்ம தெருவுல தினமும் புழங்கற வார்த்தையே இருக்கே, குழாய் பதிக்கறதுன்னு. அதனால பதிபாதை. சுரங்கம்ங்கறதயும் விட்டுடலாம், இங்க யாரும் எதையும் குடையல.

குடையறதுக்கு குடைபாதை. குடைவரைக் கோயில்னு சொல்லிப் பழகின வாய்க்கு இது ஒண்ணும் புதுசில்ல. ஜப்பான்ல ஹொன்ஷூவுக்கும் ஹொக்கைடோவுக்கும் நடுவுல இருக்கற செய்கான் அந்த ரகம். 1954ல டோயா மாரு கப்பல் புயல்ல மூழ்கி ஆயிரம் பேருக்கு மேல செத்ததுக்கு அப்புறம்தான் அந்தத் திட்டம் சூடு பிடிச்சுது, ரயில் ஓடினது 1988ல. அங்க தண்ணியே 140 மீட்டர் ஆழம், அதுக்கும் கீழ இன்னொரு 100 மீட்டர் விட்டுத்தான் குடைஞ்சாங்க. ரயிலுக்கு சரிவு ஆயிரம் மீட்டருக்கு 12 மீட்டர்தான் வச்சாங்க, அதனால கடலுக்கு அடியில 23.3 கிலோமீட்டர்னாலும் இறங்கி ஏறி மொத்தம் 53.85 ஆயிடுச்சு. ஃபெமர்ன்ல தண்ணி 30 மீட்டர் சொச்சம்தான், அதான் பெட்டி இறக்க முடியுது. ரெண்டுக்கும் கடலடிச் சுரங்கம்னு ஒரே பேர் வச்சா, "அங்க கட்டிட்டாங்க, இங்க ஏன் முடியாது"ன்னு எழுதறவங்க எந்த ஆழத்துக்கு எதுன்னு பாக்காமலே எழுதுவாங்க, எழுதிட்டும் இருக்காங்க.

> குடைபாதைன்னா மெஷின் வச்சுக் குடையறது மட்டும்தானே? வெடி வச்சா?

அதுவும் குடையறதுதாங்க. செய்கான்லயே மெஷின இறக்கிப் பாத்து, பாறை ஒத்து வராம வெடி வச்சுத்தான் போனாங்க. ஃபரோ தீவுகள்ல 2020 டிசம்பர்ல திறந்த எஸ்டுரோய் பாதையும் வெடி வச்சதுதான், 11.2 கிலோமீட்டர், கடல்மட்டத்துக்கு 187 மீட்டர் கீழ வரைக்கும் இறங்குது, நடுவுல ஒரு ரவுண்டானா வேற! கார் ஓடற ரோடுங்கறதால சரிவு கொஞ்சம் கூடுதலா வைக்கலாம், அவ்வளவு ஆழத்தையும் சின்ன நீளத்துல முடிச்சுட்டாங்க.

அமிழ்ங்கற சொல்ல நான் வேணாம்னு சொல்லல, இன்னொண்ணுக்கு எடுத்து வச்சிருக்கேன். நார்வேல மலைகளுக்கு நடுவுல கடல் உள்ள நீண்டு வர்ற சோக்னெ ஃபியோர்டு மாதிரி ஆயிரம் மீட்டருக்கு மேல ஆழம் இருக்கற இடத்துல பதிக்கவும் முடியாது, குடையவும் முடியாது, அதனால தரையத் தொடாம தண்ணிக்குள்ளயே நிக்கற குழாய்னு ஒரு யோசனை. ஆராய்ச்சி நடந்திருக்கு, உலகத்துல எங்கயும் இன்னும் கட்டல. எந்நேரமும் தண்ணிக்குள்ள இருக்கப் போறது அதுதான், அமிழ்பாதைங்கற பேர் அதுக்குத்தான் நியாயம்.

அந்தக் கான்கிரீட் பெட்டிய இங்கிலீஷ்ல எலிமென்ட்னு சொல்றதால மூலகம்னு ஒருத்தர் போட்டிருந்தார், அது கெமிஸ்ட்ரிக்குப் போயிடும், பெட்டின்னே இருக்கட்டும். முனையை அடைக்கற தடுப்புக்குத்தான் சரியான சொல் சிக்கல. சுவர்னு சொன்னா நிரந்தரம்னு ஆயிடும், இத ஜாயின்ட் இறுகினதும் எடுத்துடுவாங்க. கப்பல் பட்டறையில வேலை பாத்தவங்க யாராச்சும் இருந்தா அங்க என்ன சொல்வாங்கன்னு எழுதுங்க.