பழைய நன்னீர்த் தொட்டியில் பவளம் விரியவே மாட்டேன் என்கிறது

சிங்கப்பூர், யீஷுன். கப்பி மீன் வளர்த்த 2 அடி, 60 லிட்டர் தொட்டியைக் கடல்நீருக்கு மாற்றி 7 வாரம் ஆகிறது. தண்ணீரில் அம்மோனியா தணிந்த பிறகுதான் சோவாந்தஸ், மஷ்ரூம் என்ற இரண்டு வகைப் பவளங்களை வைத்தேன். 9 நாளாக சோவாந்தஸ் மொட்டாக மூடியே கிடக்கிறது. மஷ்ரூம் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கிவிட்டது. 2 நத்தைகளும் போச்சு.

உப்படர்த்தி 1.025, வெப்பம் 26, நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 10. விளக்கைக் குறைத்தேன், 20% தண்ணீர் இருமுறை மாற்றினேன், தண்ணீரைச் சுத்தமாக்கும் கார்பனும் போட்டேன். கடைக்காரர் பொறுக்கச் சொல்கிறார். பொறுத்தால் மிச்சமும் போய்விடும் போல.

போன வருடம் வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு கலந்த மருந்து ஊற்றியது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. கல், மணல், ஃபில்டர் எல்லாம் புதுசு; கண்ணாடியும் சிலிக்கானும்தான் பழசு. சிலிக்கானில் ஊறிய செம்பு இத்தனை நாள் கழித்தும் பவளத்தைப் பாதிக்கிற அளவுக்குக் கசியுமா?