கானாவின் தேசிய வருமானம் 2006-இல் ஒரே ஆண்டில் இரட்டிப்பா? என் வரைபடத்தில் எங்கே பிழை?

வரைபடக்காரன்:
வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக கானா நாட்டின் மொத்த தேசிய வருமானம் 1990 முதல் 2022 வரை எப்படி வளர்ந்தது என்று ஒரு வரைபடம் போடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உலக வங்கித் தளத்திலிருந்து இறக்கி வைத்திருந்த எக்செல் கோப்புதான் கையில் இருக்கிறது. அதில் நடப்பு டாலர் வரிசையை (அந்தந்த ஆண்டின் விலையிலும் நாணயமாற்று வீதத்திலும் எழுதியது) எடுத்தேன். டாலரின் மதிப்பும் காலத்தோடு குறைகிறதே என்று அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டால் வகுத்தும் விட்டேன்.

இரண்டு இடங்களில் கோடு பைத்தியம் பிடித்தது போல் இருக்கிறது. 2005-க்கும் 2006-க்கும் இடையே செங்குத்தாக ஏறுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஜிடிபியையும் (மொத்த உள்நாட்டு உற்பத்தி) எடுத்தேன். அதிலும் அதே கதை: சுமார் 1,070 கோடி டாலரிலிருந்து 2,040 கோடிக்குத் தாவுகிறது. ஆனால் அதே கோப்பில் வளர்ச்சி வீதம் என்ற பத்தியில் 2006-க்கு 6.4 சதவீதம்தான். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

அடுத்தது 2013-க்குப் பிறகு. கோடு சரிகிறது. வளர்ச்சி வீதமோ எல்லா ஆண்டும் கூட்டல் குறியில்தான்.

இன்னொரு கேள்வியும் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்தை நான் தனியாகக் கூட்ட வேண்டுமா, ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா? வழிகாட்டியிடம் காட்டும் முன் சரிசெய்ய வேண்டும்.

நான்கு_சுழியம்:
2007 ஜூலையில் கானா தன் நாணயத்தில் நான்கு சுழியங்களை வெட்டியது. அந்த நாணயத்தின் பெயர் செடி (cedi). 10,000 பழைய செடி, ஒரு புதிய செடி ஆனது. பழைய ஆண்டுகளைப் புதிய செடிக்கு மாற்றும்போது எங்கோ கோளாறு நடந்திருக்கும். உங்கள் தாவல் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பழையகணக்கு:
மேலே சொன்ன நண்பரே, சுழியம் வெட்டியது உண்மை. ஆனால் அந்தக் கோளாறு என்றால் தாவல் பத்தாயிரம் மடங்காக இருக்கும், இரண்டு மடங்காக இராது. அதுவும் டாலர் வரிசையில்.

கேட்டவருக்கு: உங்கள் கோப்பில் பிழை இல்லை, கானாவில் அதிசயமும் நடக்கவில்லை. இரண்டு வெவ்வேறு அளவுகோல்களால் அளந்த எண்களை ஒரே பத்தியில் வைத்திருக்கிறார்கள். 2010 நவம்பரில் கானா புள்ளியியல் துறை அடிப்படை ஆண்டை, அதாவது எந்த ஆண்டின் விலைகளையும் துறைகளின் எடையையும் வைத்துக் கணக்கிடுகிறார்களோ அந்த ஆண்டை, 1993-இலிருந்து 2006-க்கு மாற்றியது. கணக்கிடும் முறையையும் ஐநாவின் 1968-ஆம் ஆண்டு வழிமுறையிலிருந்து 1993-ஆம் ஆண்டு வழிமுறைக்குக் கொண்டுபோனது. ஒரே இரவில் பொருளாதாரத்தின் அளவு 60 சதவீதத்துக்கும் மேல் பெரிதானது. நேற்று வரை விவசாயம் முதலிடம், மறுநாள் காலையில் சேவைத் துறை முதலிடம்! கைபேசி, தனியார் வங்கி, சிறு வணிகம் என்று 1993-இல் எடைபோடப்படாதவை அத்தனையும் உள்ளே வந்தன. புதிய கணக்கு 2006 வரைதான் பின்னோக்கிச் செய்யப்பட்டது. உங்கள் கோப்பில் 2005 வரை பழைய அளவுகோல், 2006 முதல் புதியது.

நம்ப முடியவில்லை என்றால் ஒரு சோதனை. 2005, 2006 இரண்டு ஆண்டுகளிலும் டாலர் வீதம் கிட்டத்தட்ட ஒன்றுதான், இன்றைய செடியில் சொன்னால் 0.9 சொச்சம். ஆக நாணயமாற்று மேல் பழி போட முடியாது. மெய்யான வளர்ச்சி 6.4 சதவீதம், விலையேற்றம் பத்துச் சொச்சம். இரண்டையும் பெருக்கினால் நடப்பு விலையில் ஏறக்குறைய 1.18 மடங்கு வர வேண்டும். உங்களுக்கு வந்திருப்பது 1.9 மடங்கு. 1.9-ஐ 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள். 1.6 வரும். அந்த 60 சதவீதம் எங்கே என்று தேட வேண்டியதில்லை, அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

வரைபடக்காரன்:
வகுத்துப் பார்த்தேன், 1.61! இரண்டு வாரமாக என் எக்செல் சூத்திரத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். சரி, இப்போது இதை எப்படி ஒட்டுவது? 2006-க்கு முந்தைய எல்லா எண்களையும் 1.6-ஆல் பெருக்கிவிடலாமா?

பழையகணக்கு:
பெருக்கலாம், ஆனால் டாலர் வரிசையில் வேண்டாம். முதலில் அந்த நடப்பு டாலரையும் அமெரிக்க விலைக் குறியீட்டையும் தூக்கிப் போடுங்கள். அமெரிக்காவில் விலைவாசி எப்படி ஏறியது என்பது கானாவின் தலைநகர் அக்ராவில் எவ்வளவு உற்பத்தியானது என்பதைச் சொல்லாது. கானாவின் விலையேற்றமும் செடியின் சரிவும் எந்த ஆண்டிலும் ஒன்றையொன்று சரியாக ஈடுகட்டுவதில்லை. அந்த இடைவெளி முழுக்க உங்கள் கோட்டில் வளர்ச்சியாகவும் வீழ்ச்சியாகவும் வேடம் போடும்.

2013-க்குப் பிறகு நடப்பது இதுதான். 2013-இல் ஒரு டாலருக்குச் சராசரியாகச் சுமார் 2 செடி. 2015-இல் 3.7-ஐ ஒட்டி. இரண்டே ஆண்டில் டாலரின் விலை எண்பது சதவீதத்துக்கு மேல் ஏறியது. உள்நாட்டு விலைகள் அந்த வேகத்தில் ஏறவில்லை. அதனால் டாலரில் எழுதினால் நாடு சுருங்கியது போலத் தெரிகிறது. செடியில், நிலையான விலையில் (எல்லா ஆண்டுக்கும் ஒரே ஆண்டின் விலையை வைத்து) எழுதினால் சுருங்கவில்லை.

காலத்தோடு ஒரே நாட்டை ஒப்பிட உள்நாட்டு நாணயத்தில் நிலையான விலை வரிசைதான் வேண்டும். 2006-ஐ 100 என்று வையுங்கள். முன்னோக்கிப் போகப் புதிய வரிசையின் வளர்ச்சி வீதங்கள், பின்னோக்கிப் போகப் பழைய வரிசையின் வளர்ச்சி வீதங்கள். அளவு மாறினாலும் வீதம் தொடரும் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஒட்டு நிற்கிறது.

வரைபடக்காரன்:
செய்தேன். 2006 = 100, அதில் 6.4 கழித்து 2005 = 93.6. இப்படியே 1990 வரை இறங்கினேன். தாவல் போய்விட்டது. ஆனால் கோப்பில் இருக்கும் பழைய நிலையான விலை வரிசையோடு ஒப்பிட்டால் 1990-இல் என் எண் கொஞ்சம் குறைவாக வருகிறது.

சதவீதப்பைத்தியம்:
கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும். 6.4 சதவீதம் என்பது 2005-இன் மேல் வந்த வளர்ச்சி, 2006-இன் மேல் அல்ல. 100-ஐ 1.064-ஆல் வகுத்தால் 93.98. ஓராண்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பதினாறு ஆண்டு, ஆண்டுக்கு 5 சதவீதம் என்று வையுங்கள்: வகுத்துப் போனால் 45.8-இல் நிற்பீர்கள், கழித்துப் போனால் 44-இல். நானும் ஒரு காலத்தில் இதே தப்பைச் செய்து, அச்சடித்த பிறகுதான் கண்டுபிடித்தேன்.

வரைபடக்காரன்:
திருத்திவிட்டேன், இப்போது பொருந்துகிறது. நன்றி.

மூன்றாம்வரிசை:
ஒட்டியாகிவிட்டது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அந்த ஒட்டுக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. பழைய வரிசை முழுவதையும் ஒரே 1.6-ஆல் உயர்த்தினால், 1993-இலும் பொருளாதாரத்தில் அதே பங்கு கணக்கில் வராமல் இருந்தது என்று சொல்கிறீர்கள். அது சரியாக இருக்க வழியில்லை. 1993-இல் கைபேசித் துறை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. விடுபட்டதில் ஒரு பகுதியாவது இடையில் முளைத்தது.

எதிர்முனைக்குப் போய்ப் பார்ப்போம். 1993-இல் கணக்கு முழுமையாக இருந்தது, விடுபட்ட அத்தனையும் அதற்குப் பிறகு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 சதவீதத்தைப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பினால் ஆண்டுக்கு 3.7 சதவீதம் கூடுதல் வளர்ச்சி. ஏற்கெனவே நான்கு, ஐந்து என்று இருந்த வீதத்தோடு இதைச் சேர்த்தால் எட்டுக்கு மேல் போகும். அந்தக் காலத்துக் கானாவுக்கு அதையும் நம்ப முடியாது.

உண்மை இரண்டுக்கும் நடுவே எங்கோ. நான் என்றால் இரண்டு கோடுகளையும் மெல்லிய நிறத்தில் வரைந்து, நடுவே நிழலிட்டுக் காட்டுவேன். ஆய்வேட்டில் அந்த நிழல்தான் உங்கள் நேர்மை.

பழையகணக்கு:
இதை ஏற்கிறேன், நான் சொல்லாமல் விட்டது. கூடவே இன்னொன்று: 2018-இல் கானா மறுபடியும் அடிப்படை ஆண்டை 2013-க்கு மாற்றியது. அப்போது 2017-ஆம் ஆண்டின் அளவு ஏறக்குறைய கால்பங்கு கூடியது. உங்கள் கோப்பு எந்த மாதம் இறக்கியது என்று பாருங்கள். பழைய கோப்பிலிருந்து பாதி, இன்றைய தளத்திலிருந்து பாதி என்று எடுத்தால் புதிதாக ஒரு படிக்கட்டு முளைக்கும். நைஜீரியா 2014 ஏப்ரலில் இதையே செய்தபோது 2013-ஆம் ஆண்டின் ஜிடிபி 89 சதவீதம் ஏறி, தென்னாப்பிரிக்காவை முந்தியது. அதனால் முழு வரிசையையும் ஒரே நாளில் புதிதாக இறக்குங்கள், இறக்கிய தேதியை எழுதி வையுங்கள்.

எல்லைக்கோடு:
எல்லோரும் ஜிடிபி பற்றியே பேசுகிறீர்கள், அவர் கேட்டது தேசிய வருமானம். வெளிநாட்டுப் பணக் கேள்விக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

மொத்த தேசிய வருமானம் என்றால் ஜிடிபியோடு வெளிநாட்டிலிருந்து வரும் நிகர முதன்மை வருமானம். வட்டி, லாபம், பங்காதாயம், குறுகிய காலம் எல்லை தாண்டிப் போய் வேலை செய்பவரின் ஊதியம் ஆகியவை முதன்மை வருமானம். கானாவுக்கு இது கழித்தல் குறியில் இருக்கும். தங்கச் சுரங்கம், 2010 இறுதியில் தொடங்கிய எண்ணெய் எடுப்பு ஆகியவற்றில் முதலிட்ட வெளிநாட்டு நிறுவனங்களின் லாபமும் வெளிக்கடன் வட்டியும் வெளியே போகின்றன. ஆக எண்ணெய் வந்து ஜிடிபி குதித்த ஆண்டில் தேசிய வருமானம் அதே உயரத்துக்குக் குதிக்காது. நீங்கள் தேசிய வருமானத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் நல்ல காரணம், ஆய்வேட்டில் இதைச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் குடியேறியவர் வீட்டுக்கு அனுப்பும் பணம் இதில் இல்லை, கூட்டவும் கூடாது. ஓராண்டுக்கு மேல் அங்கே தங்கிவிட்டவர் அந்த நாட்டில் வசிப்பவராகவே எண்ணப்படுவார். அவர் சம்பாதித்தது அந்த நாட்டு வருமானம். இங்கே வருவது பரிமாற்றம், இரண்டாம் நிலை வருமானம். அதையும் சேர்த்தால் கிடைப்பது மொத்த தேசியச் செலவிடத்தக்க வருமானம் என்ற வேறு அளவு. லெசோத்தோவில் தேசிய வருமானம் ஜிடிபியைவிடப் பெரிதாக இருப்பதற்குத் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குப் போய் வந்த தொழிலாளர் ஊதியம் ஒரு பெரிய காரணம். அது ஊதியமாகப் பதிவானதால்தான் உள்ளே வந்தது.

வரைபடக்காரன்:
தெளிவாகிவிட்டது. ஆனால் நிலையான விலையில் தேசிய வருமானப் பத்தியில் பல ஆண்டுகள் காலியாக இருக்கின்றன. ஜிடிபிக்கு மட்டும் முழுமையாக உள்ளது.

எல்லைக்கோடு:
நடப்பு விலையில் தேசிய வருமானத்தை ஜிடிபியால் வகுத்து விகிதம் எடுங்கள். இரண்டுமே ஒரே நாணயத்தில் இருப்பதால் நாணயமாற்று அடிபட்டுப் போகும். அந்த விகிதத்தை நிலையான விலை ஜிடிபியோடு பெருக்குங்கள். தோராயம்தான், காலியிடத்தை நேர்கோட்டால் நிரப்புவதைவிட மேல். ஒரு எச்சரிக்கை: 2006-இல் இந்த விகிதமும் உடையும். அடிப்படை ஆண்டு மாறியதால் கீழே உள்ள எண் பெருத்தது, வெளியே போகும் வட்டி பெருக்கவில்லை. விகிதம் திடீரென்று ஒன்றை நெருங்கும். அதைக் கடன் குறைந்ததாக எழுதிவிடாதீர்கள். கானாவுக்கு அந்த ஆண்டுகளில் கடன் தள்ளுபடியும் கிடைத்ததால், படிப்பவர் சுலபமாக நம்பிவிடுவார்.

வரைபடக்காரன்:
கடைசியாக ஒன்று. உலக வங்கி நாடுகளைத் தரம் பிரிக்கும் அட்லஸ் முறைத் தலா வருமானத்தை ஏன் பயன்படுத்தவில்லை என்று வழிகாட்டி நிச்சயம் கேட்பார்.

மூன்றாம்வரிசை:
அது ஓராண்டில் நாடுகளை வரிசைப்படுத்தச் செய்த கருவி. விலையேற்ற வித்தியாசத்தைச் சரிசெய்து மூன்று ஆண்டு நாணயமாற்று வீதங்களைச் சராசரி எடுக்கிறார்கள். அதனால் செடியின் வீழ்ச்சி மறையாது, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் கசியும். தர எல்லையும் ஆண்டுதோறும் நகரும். இலங்கையைப் பாருங்கள்: 2018-இல் 4,060 டாலர், எல்லை 3,996, உயர் நடுத்தர வருமான நாடு. மறு ஆண்டு 4,020 டாலர், எல்லை 4,046, மீண்டும் கீழ் நடுத்தரம். வருமானம் குறைந்தது 40 டாலர், எல்லை உயர்ந்தது 50 டாலர். பாதிக்கு மேல் அந்த இறக்கம் எல்லைக்கோட்டின் வேலை. 2011-இல் கானா கீழ் நடுத்தர வருமான நாடாக ஏறியதிலும் அடிப்படை ஆண்டு மாற்றத்தின் பங்கு பெரிது.

தலா வருமானம் போடுவதாக இருந்தால் மக்கள்தொகை வரிசையையும் அதே நாளில் இறக்குங்கள். 2021 கணக்கெடுப்பில் கானாவின் மக்கள்தொகை 3.08 கோடி. ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் இடைப்பட்ட ஆண்டுகளின் மதிப்பீடு திருத்தப்படும், வகுக்கும் எண் மாறும்.

வரைபடக்காரன்:
எல்லாவற்றையும் இன்று காலை புதிதாக இறக்கி மறுபடி போட்டேன். 2006-இல் தாவல் இல்லை, 2013-க்குப் பிறகு சரிவு இல்லை, அங்கே கோடு கொஞ்சம் சோம்பலாகிறது, அவ்வளவுதான். 2006-க்கு முன்னால் மூன்றாம்வரிசை சொன்ன நிழலும் இருக்கிறது. பார்ப்பதற்கு முன்பிருந்ததைவிட அசிங்கமாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் இப்போது என்னால் காரணம் சொல்ல முடியும். இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.

நான்கு_சுழியம்:
என் சுழியம் எதற்கும் உதவவில்லை போலும்.

வரைபடக்காரன்:
உதவியது! செடியில் இறக்கிய ஒரு பழைய பத்தியில் 1990-களின் எண்கள் பத்தாயிரம் மடங்கு பெரிதாக இருந்தன. நீங்கள் சொல்லியிராவிட்டால் அதற்கும் இரண்டு வாரம் போயிருக்கும்.