மன்னார்க் கடற்பசுவைச் சரியாகக் கீறத் தெரிந்தவர் உண்டா?

வணக்கம் உறவுகளே. கொழும்பில் வாழும் மன்னார்த் தீவுக்காரர் நாங்கள், எங்கள் ஒன்றுகூடலுக்கு ஓர் இலச்சினை தேடுகிறோம். கழுதை, பெருக்க மரம் என்று ஆளுக்கொன்று சொல்லி ஓய்ந்து, கடைசியில் கடற்பசுவில் வந்து நிற்கிறோம். எனக்கு மகிழ்ச்சிதான். கழுதைப் படம் போட்ட சட்டையோடு வெள்ளவத்தையில் யார் நடப்பது?

சிக்கல் படத்தில்தான். அச்சகத்தில் கீறித் தந்த உருவத்துக்கு வால் வட்டமாக இருக்கிறது. அது மனாட்டி; அமெரிக்க, ஆப்பிரிக்கக் கரைகளில் வாழ்வது. நமது கடற்பசுவுக்குத் திமிங்கிலத்துக்கு இருப்பதுபோல நடுவில் பிளந்த வால். கடலடிப் புல்லை மேய்வதற்கு வசதியாக முகவாய் கீழ்நோக்கி வளைந்திருக்கும். மூக்குத் துவாரங்கள் மேற்புறத்தில் இருக்கும். நீருக்குள் மூழ்கும்போது மூடிக்கொள்ளும்.

இதைக் கீறக்கூடியவர்கள் தொடர்புகொள்ளுங்கள், உரிய பணம் தருவோம். பேசாலை, தலைமன்னார்ப் பக்கத்துப் பெரியவர்களிடம் பழைய படங்கள் இருந்தாலும் அனுப்பி வையுங்கள். ஒரு காலத்தில் இறைச்சிக்காகப் பிடித்த விலங்குதான், அதை மறைக்க ஒன்றுமில்லை. இன்று சட்டம் அதைப் பாதுகாக்கிறது. கொழும்பில் எங்காவது அதன் எலும்புக்கூட்டைப் பார்க்கலாம் என்றால் அதையும் சொல்லுங்கள். தைப்பொங்கலுக்கு முன் சட்டை அச்சடித்தாக வேண்டும்.