"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டாலே எல்லாம் மறந்துபோகிறது, என்ன செய்யலாம்?

வவுனியாப்பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். ஏ.எல் (உயர்தரம்) வர்த்தகப் பிரிவில் முடித்துவிட்டுக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கிறேன். புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஒன்றரை வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன், ஏ.ஏ.டி என்கிற கணக்கியல் படிப்பில் இரண்டாம் நிலையும் முடித்தாயிற்று. வருகிற செவ்வாய்க்கிழமை கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்கு உதவியாளர் வேலைக்கு இன்டர்வியூ. இதற்கு முதல் இரண்டு இடத்துக்குப் போய் வந்தேன், இணையத்தில் கிடைத்த விடைகளை ஆங்கிலத்தில் பாடமாக்கிக்கொண்டுதான் போனேன், ஆனால் முதல் கேள்விக்கே மூன்றாவது வசனத்தில் ஒரு சொல் மறந்தது, அதோடு எல்லாம் போய்விட்டது. ஏன் இந்த வேலையை விடுகிறீர்கள், பலவீனம் என்ன, எவ்வளவு சம்பளம் வேண்டும் என்று கேட்டாலும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. யாராவது சொல்லித் தாருங்கள்.

கொள்ளுப்பிட்டி அக்கா:
தங்கச்சி, நான் ஆட்களை எடுக்கிற பக்கத்தில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். பாடமாக்கின விடை எங்களுக்கு உடனே விளங்கிவிடும், ஒரே நாளில் நாலு பேர் அதையே சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தத் தாள்களை எடுத்து வையுங்கள். கடையில் உங்களுக்கு நடந்த இரண்டு மூன்று சம்பவங்களை எடுங்கள்: கணக்குப் பிழைத்த நாள், யாரோடாவது கருத்து வேறுபட்ட நாள். என்ன நிலைமை, உங்கள் பொறுப்பு என்ன, என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றையும் நாலு வரியில் சொல்லிப் பாருங்கள், இதைத்தான் ஸ்டார் முறை என்கிறார்கள். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில், போனில் பதிந்து கேளுங்கள். நடந்தது மனதில் இருந்தால் ஒரு சொல் மறந்தாலும் வேறு சொல் வரும். இன்னொன்று, எங்கள் பிள்ளைகள் பணிவில் எல்லாவற்றுக்கும் "நாங்கள் செய்தோம்" என்பார்கள், கேட்கிறவருக்கு நீங்கள் செய்தது எது என்றே தெரியாமல் போய்விடும். "உங்களைப் பற்றி" என்றால் இப்போதைய வேலை, படிப்பு, ஏன் இந்த இடம், அவ்வளவுதான், ஒன்றரை நிமிஷம் போதும். அப்பா அம்மா, சகோதரங்கள் பற்றி வேண்டாம்.

கொட்டாஞ்சேனை அண்ணா:
அக்கா சொன்னது சரி, ஆனால் முதல் இரண்டு வசனத்தை மட்டும் பாடமாக்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். பயம் முழுக்க முதல் அரை நிமிஷத்தில்தான், அது தாண்டினால் வாய் தானாகத் திறக்கும். பலவீனம் கேட்டால் உண்மையான ஒன்றைச் சொல்லி, அதற்கு என்ன செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க நேரம் எடுக்கும், ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகிறேன் என்று அப்படியே சொன்னேன், வேலை கிடைத்தது. ஏன் விடுகிறீர்கள் என்றால் முதலாளியைக் குறை சொல்லவே வேண்டாம், கடையில் படிக்க வேண்டியதைப் படித்துவிட்டேன், மாதமுடிவுக் கணக்கும் வரி வேலையும் பழக வேண்டும் என்று சொல்லுங்கள். உங்கள் படிப்புக்கு அது உண்மையும்தானே.

ஐந்தொகை:
கணக்கு வேலை என்றால் பொதுக் கேள்விகளோடு விடமாட்டார்கள். நாங்கள் எழுதுகிற காசேட்டு மீதியும் வங்கி தருகிற கூற்றின் மீதியும் ஏன் ஒத்துவராது என்று கட்டாயம் கேட்பார்கள். நீங்கள் கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்குப் போகாமல் இருக்கும், வைப்பிலிட்ட காசோலை இன்னும் மாறியிருக்காது, வங்கி கட்டணம் வெட்டியிருக்கும், இதைக் கடை உதாரணத்தோடு சொல்லுங்கள். வற் (பெறுமதி சேர் வரி) 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம், அதையும் மறக்க வேண்டாம். சம்பளம் பேசும்போது சொல்கிற தொகை அடிப்படைச் சம்பளமா, கையில் வருவதா என்று தெளிவாகக் கேளுங்கள். ஈ.பி.எஃப்புக்கு (ஊழியர் சேமலாப நிதி) உங்களிடம் 8 வீதம் கழிப்பார்கள், கம்பனி 12 வீதமும் ஈ.டி.எஃப்புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் தனியாகப் போட வேண்டும். அடிப்படை 80,000 ரூபா என்றால் 6,400 கழிந்து 73,600தான் மிஞ்சும். உங்கள் அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு எல்லாம் கூட்டிப் பார்த்து, இதற்குக் கீழே முடியாது என்று ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு, அதற்குக் கொஞ்சம் மேலே கேளுங்கள்.

வவுனியாப்பிள்ளை:
எல்லாருக்கும் பெரிய நன்றி. அக்கா, ஒரு சம்பவம் இருக்கிறது. ஒரே பில்லை எங்கள் கடையில் இரண்டு தரம் பதிந்துவிட்டோம், 46,000 ரூபா கூடுதலாகக் கொடுக்க இருந்தது. சரக்குத் தருகிறவர்களின் கூற்றோடு ஒப்பிட்டபோது நான்தான் கண்டுபிடித்தேன், அன்றிலிருந்து பில் இலக்கத்தைப் பதிவேட்டில் எழுதுகிறேன். பிழையைச் சொன்னால் கூடாதாக நினைப்பார்களா?

கொள்ளுப்பிட்டி அக்கா:
இல்லை, இதையே சொல்லுங்கள், நல்ல சம்பவம். ஆனால் "பதிந்துவிட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள், பதிந்தது நீங்கள் என்றால் "நான் பதிந்தேன்" என்று சொல்லுங்கள். பில் இலக்கம் எழுதத் தொடங்கின பிறகு அப்படி நடக்கவில்லை என்றால் அதையும் கடைசியில் சேருங்கள். செவ்வாய்க்கிழமை காலையில் 100ஆம் இலக்க பஸ்ஸை நம்பாமல் வெள்ளவத்தையில் ரயில் ஏறுங்கள், காலி வீதி நெரிசலில் நிற்கும்.